வங்கி எடுத்த பாலிசி போதுமா?

கேள்வி: திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வாடகைக் கட்டடத்தில் நாற்பது பேர் அமரும் அசைவ உணவகம் நடத்துகிறேன். கடன் கொடுத்த வங்கி ஆண்டுதோறும் என் கணக்கில் பிரீமியத்தைப் பிடித்துத் தீக்காப்பீடு எடுத்துவிடுகிறது. அதற்கு மேலும் பாலிசி வேண்டுமா? வேண்டுமென்றால் எதை முதலில் எடுப்பது?
– உணவக உரிமையாளர், வண்ணாரப்பேட்டை

பதில்: அந்தப் பாலிசியின் நகலை வங்கியில் கேட்டு வாங்கி, எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வங்கி எடுக்கும் காப்பீடு பெரும்பாலும் கடன் தொகையை ஒட்டி இருக்குமே தவிர, கடைக்குள் உள்ள பொருளின் மதிப்பை ஒட்டி இருக்காது. அடுப்பு, கிரைண்டர், டீப் ஃபிரீசர், மேசை நாற்காலி, மளிகைக் கையிருப்பு ஆகியவற்றின் இன்றைய விலை 20 லட்சம் ரூபாய் என்றும், பாலிசியில் உள்ளது 12 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். தீயில் 5 லட்சத்துக்குச் சேதமானால், மதிப்பில் அறுபது விழுக்காட்டுக்கே காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று கணக்கிட்டு 3 லட்சம்தான் தருவார்கள். சேதம் 12 லட்சத்துக்குள்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. ஓரிடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் உள்ள தொழில்களுக்கென 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. நாற்பது விழுக்காடு குறைவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே, தொகை குறைவாக இருந்தால் அதைப் பொருளின் முழு மதிப்புக்கு உயர்த்துவதுதான் முதல் வேலை.

கட்டடத்துக்குக் காப்பீடு எடுப்பது கட்டட உரிமையாளரின் வேலை. ஆனால் நீங்கள் பணம் போட்டுச் செய்த மேற்கூரை அலங்காரம், மரவேலை, வயரிங் ஆகியவற்றை உங்கள் பாலிசியில் தனியே எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

தீயுடன் எரிவாயு வெடிப்பு, புயல், வெள்ளம் ஆகியவையும் மேலே சொன்ன பாரத் சூக்ஷ்ம பாலிசியில் அடங்கும். தாமிரபரணிக் கரையில் கடை வைத்திருப்பவருக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், நெல்லை சந்திப்புப் பகுதியில் தெரிந்தவர் ஒருவரின் உணவகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் என் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு. அதற்குக் கீழே கிரைண்டர் மோட்டாரும் ஊறிப்போன கொள்முதல் பில்களும் ஒரே நிறத்தில் கிடந்தன. நாற்றம் தாங்காமல் அரிசி மூட்டைகளை அவர் முந்தின நாளே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்தபோது காட்டுவதற்கு மூட்டையும் இல்லை, பில்லும் இல்லை. பில்களையும் கடையின் ஒவ்வொரு மூலையையும் கைப்பேசியில் படமெடுத்து, ஒரு பிரதியைக் கணக்காளரிடம் கொடுத்து வையுங்கள். சேதமான பொருளைச் சர்வேயர் பார்க்கும்வரை அப்புறப்படுத்தாதீர்கள்.

அடுத்து எடுக்க வேண்டியது பொறுப்புக் காப்பீடு; உங்கள் கடையால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு நீங்கள் தரவேண்டிய இழப்பீட்டை ஏற்பது அது. திருட்டுக் காப்பீட்டையும் கண்ணாடிக் காப்பீட்டையும் ஏஜென்ட்கள் முதலில் நீட்டுவார்கள்; என் கணிப்பில் அவை பின்னால் வரலாம். பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. தீக்காப்பீடு இதில் ஒரு ரூபாயும் தராது. பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போதும் உணவு நஞ்சாதல் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுவதற்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு, பிரியாணிக்கும் சேர்த்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பணியாளர்கள் பத்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. அதற்குக் குறைவான ஆட்கள் என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் அருகில் நிற்பவருக்கு அது அவசியம்.

இன்னொன்று: 19 கிலோ சிலிண்டரில் நிறைந்தவை ஐந்துக்கு மேல் வைத்தால், உரிமம் இல்லாமல் சேமிக்க அனுமதிக்கப்பட்ட 100 கிலோ வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தகராறு செய்ய நிறுவனத்துக்கு அந்த ஆறாவது சிலிண்டரே காரணமாகிவிடும்.

கேள்வி: குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் உணவகம் நடத்துகிறேன். மற்ற மாதங்களில் பூட்டியே கிடக்கும். பாலிசி ஆண்டு முழுவதும் செல்லுமா?
– வாசகர், தென்காசி

பதில்: செல்லும் என்று நம்பிப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கட்டடம் 30 நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பீடு நின்றுவிடும் என்பது தீக்காப்பீட்டில் வழக்கமான நிபந்தனை. சீசன் முடியும் முன்பே நிறுவனத்துக்கு எழுதி, ஒப்புதலைப் பாலிசியிலேயே பதிவு செய்து வாங்குங்கள். ஃபிரீசர் மோட்டார் மின்கசிவால் தானே எரிந்துபோனால் அந்த மோட்டாருக்குத் தீக்காப்பீட்டில் இழப்பீடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த மற்றவற்றுக்கு உண்டு. மோட்டாருக்கும் வேண்டுமென்றால் இயந்திரப் பழுதுக் காப்பீடு தனி.

கேள்வி: சிறிய டிபன் கடை வைத்திருக்கிறேன். புயலில் கூரை போனதற்குக் கேட்ட இழப்பீட்டை நிறுவனம் மறுத்துவிட்டது. வழக்குப் போடப் பணமில்லை.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். தனி உரிமையாளர்களும் குறுந்தொழில் நடத்துவோரும் 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளுக்கு அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். மறுப்புக் கடிதத்தையும் சர்வேயர் அறிக்கையின் நகலையும் மனுவோடு இணையுங்கள். அறிக்கை கையில் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.