இங்கிலாந்தில் குற்றத் தடுப்புத் திட்டத்தை உள்ளாட்சியும் சேர்ந்து போடுவது ஏன்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி மன்றம், காவல்துறை, தீயணைப்பு, சுகாதாரம், விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் பகுதிக்கான குற்றத் தடுப்புத் திட்டம் போடுகின்றன. இதற்குச் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்று பெயர். விருப்பப்பட்டுச் செய்வதல்ல, 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை.

ஏன் இத்தனை பேர்? கொசுவை ஒவ்வொன்றாக அடிப்பதைவிடத் தேங்கிய தண்ணீரை வடிப்பது மேல் இல்லையா, அதே கதைதான். ஒரு சந்தில் அடிக்கடி வழிப்பறி நடக்கிறது என்று வையுங்கள். எரியாத தெருவிளக்கை மாற்றுவது உள்ளாட்சியின் வேலை. வழிப்பறி செய்பவர் போதைக்கு அடிமையாக இருந்தால், அதற்குச் சிகிச்சை சுகாதாரத் துறையிடம்.

தகவலும் அப்படித்தான் சிதறிக் கிடக்கும். அடிதடியில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் போலீஸ் பக்கமே போவதில்லை. அதனால் வேல்ஸின் கார்டிஃப் நகரில், எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் அடிபட்டார்கள் என்பதை மட்டும், பெயர் சொல்லாமல், மருத்துவமனை போலீஸோடும் உள்ளாட்சியோடும் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. எனக்கு இதுதான் இந்த ஏற்பாட்டின் உருப்படியான பகுதியாகத் தெரிகிறது. இப்படிச் சேரும் தகவல்களை ஆண்டுதோறும் அலசித் திட்டத்தைத் திருத்துவார்கள்.

அப்புறம், இதனால் உள்ளாட்சிக்குப் போலீஸ் அதிகாரம் வந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, குற்ற வழக்கில் துப்புத் துலக்குவதும் கைது செய்வதும் இன்னும் போலீஸ் வேலைதான்.