நீளம் சரி, தளம் சரியா? கையால் செய்யும் சைக்கிள் ஃபிரேமை அளக்கும் முறை

கேள்வி: லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். எனக்காக ஒரு ஸ்டீல் சைக்கிள் ஃபிரேமை நானே பிரேசிங் (பித்தளையை உருக்கிப் பற்றவைத்தல்) செய்து உருவாக்கினேன். குழாய்களை வரைபடத்தில் இருந்த நீளத்துக்கே வெட்டினேன். ஆனாலும் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கிறது. பின்னால் ஒரு ட்ராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பள்ளமுள்ள தகடு) அரை நூல் உயர்ந்திருக்கிறது. அது பெரிய குறையா? அடுத்த ஃபிரேமை எப்படி வரைந்து, எப்படி அளப்பது?

பதில்: அரை நூலிலிருந்தே தொடங்குகிறேன். அரை நூல் என்பது 1.6 மி.மீ. பின் ட்ராப்அவுட்களுக்கு இடையே 130 மி.மீ. அகலம், அச்சிலிருந்து ரிம் ஏறக்குறைய 311 மி.மீ. தள்ளி இருக்கிறது. அச்சு ஒரு பக்கம் 1.6 மி.மீ. ஏறினால், ரிம் மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமுமாகக் கிட்டத்தட்ட 4 மி.மீ. சாயும். டயர் தரையைத் தொடும் இடமே நடுக்கோட்டை விட்டு விலகிவிடுகிறது. எனவே, ஆம், அது பெரிய குறைதான்.

ஃபிரேமில் துல்லியம் இரண்டு வகை. டாப் ட்யூப் (மேல் குழாய்) 2 மி.மீ. நீண்டால் உங்கள் உடலுக்குத் தெரியாது. சீட்டைச் சற்று நகர்த்தினால் போதும். ஆனால் ஹெட் ட்யூபும் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) சீட் ட்யூபும் (சீட்டைத் தாங்கும் குழாய்) இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்காவிட்டால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அதை உணர்வீர்கள். நீங்கள் முதல் வகைக்கு உழைத்திருக்கிறீர்கள். இரண்டாவதை அளக்கவே இல்லை.

இழுப்புக்குக் காரணம் சக்கரமா ஃபிரேமா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். சக்கரத்தைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். ரிம்முக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி முன்பு இடப்பக்கம் குறைவாக இருந்து இப்போது வலப்பக்கம் குறைந்தால், சக்கரம் ஹப்பின் நடுவில் கட்டப்படவில்லை. மாற்றிய பிறகும் அதே பக்கமே குறைவாக இருந்தால் குறை ஃபிரேமில். முன்சக்கரத்தையும் இப்படிப் பாருங்கள். ஃபோர்க்கின் ஒரு கால் குட்டையாக இருந்தாலும் வண்டி இழுக்கும்.

அடுத்து நூல் பிடித்துப் பாருங்கள். ஒரு ட்ராப்அவுட்டில் மெல்லிய நூலைக் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றிக் கொண்டுவந்து மறு ட்ராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் ட்யூபின் இருபுறமும் நூல் வரையுள்ள இடைவெளியை அளங்கள். இரண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தால், சீட் ட்யூப் நடுக்கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகியிருக்கிறது. செலவில்லாத நல்ல சோதனை இது. ஆனால் ஹெட் ட்யூப் முறுக்கிக்கொண்டிருந்தால் நூல் அதைக் காட்டாது.

அதைக் காட்டுவது சர்ஃபேஸ் பிளேட், அதாவது அளப்பதற்கான துல்லியமான சமதளப் பலகை. உங்கள் பட்டறையில் இருக்குமானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஃபிரேமின் எல்லா அளவுகளுக்கும் தாய் பாட்டம் பிராக்கெட் ஷெல்லின் (கிராங்க் அச்சு செல்லும் குறுக்குக் குழாய்) முகம்தான். அந்த முகத்தைச் சமமாகக் கடைந்து, சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் நிற்கும் செங்குத்தான தண்டில் ஷெல்லைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபிரேம் படுத்த நிலையில் நிற்கும். ஷெல்லின் அகலம் 68 மி.மீ. என்றால் நடுத்தளம் முகத்திலிருந்து 34 மி.மீ. உயரத்தில். சீட் ட்யூப் 28.6 மி.மீ. விட்டம் என்றால் அதன் மேல்பரப்பு 48.3-இல் இருக்க வேண்டும். ஹெட் ட்யூப் 36 மி.மீ. என்றால் 52-இல். ஹைட் கேஜால் (உயரம் அளக்கும் கருவி) ஒவ்வொரு குழாயையும் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். அரை மி.மீ.க்குள் நின்றால் நல்ல ஃபிரேம்.

ஒரு முறை இரண்டு நாள் இந்த அளவோடு போராடியிருக்கிறேன். சீட் ட்யூபின் உச்சி ஒன்றரை மி.மீ. தவறியது; வளைத்து நிமிர்த்தினேன்; மறுமுறை மாட்டினால் எதிர்ப்பக்கம் தவறியது. கடைசியில் ஷெல்லின் முகத்தை விரலால் தடவியபோது, பிரேசிங்கில் பூசிய, கண்ணாடிபோல் உறைந்த ஃப்ளக்ஸ் துணுக்கு ஒன்று விளிம்பில் நெருடியது. தடிமன் 0.1 மி.மீ. இருக்கும். 40 மி.மீ. அகல முகத்தில் அந்தச் சாய்வு, 550 மி.மீ. தள்ளியுள்ள உச்சியில் 1.4 மி.மீ. ஆகிவிடுகிறது. நேராக இருந்த ஃபிரேமைத்தான் நான் வளைத்துக்கொண்டிருந்தேன். மாட்டும் முன் முகத்தைத் துடைத்து விரலால் தடவிப் பார்க்காமல் இப்போது ஒரு அளவும் எடுப்பதில்லை.

கால்விரல் இடிப்பது வரைபடத்தின் குறை. பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து முன் அச்சு வரையுள்ள தூரத்தை அளங்கள். கிராங்க் 170, பெடல் அச்சுக்கு முன்னே நீளும் செருப்பு 100, சக்கரத்தின் ஆரம் 340. கூட்டினால் 610 மி.மீ. முன் அச்சுத் தூரம் இதற்குக் குறைந்தால் இடிக்க வாய்ப்புண்டு. ரீச் (பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து ஹெட் ட்யூப் உச்சிக்குக் கிடைத்தூரம்) 380, ஸ்டாக் (அதே உச்சிக்கு உயரம்) 560, ஹெட் கோணம் (ஹெட் ட்யூப் தரையோடு சாயும் கோணம்) 73 டிகிரி, ஃபோர்க்கின் முன்தள்ளல் (ஸ்டியரிங் கோட்டிலிருந்து முன் அச்சு தள்ளியிருக்கும் அளவு) 45, பாட்டம் பிராக்கெட் இறக்கம் (சக்கர அச்சுகளுக்குக் கீழே) 70 என்ற வழக்கமான வரைபடத்தில் அது 581தான் வருகிறது. கோணத்தை 72 ஆக்கி முன்தள்ளலை 50 ஆக்கினால் 596. ரீச்சையும் 15 மி.மீ. கூட்டி, ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கை) அதே அளவு குறைத்தால் 611. ஸ்டியரிங் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்: டிரெயில் (ஸ்டியரிங் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 57-லிருந்து 58 ஆகிறது, அவ்வளவே. முன்தள்ளலை 45-லேயே விட்டுக் கோணத்தை மட்டும் சாய்த்திருந்தால் 63 ஆகி, ஹேண்டில்பார் கனத்திருக்கும்.

புதிய வரைபடத்தை வெள்ளையடித்த பிளைவுட்டில் முழு அளவில் வரையுங்கள். காகிதம் ஈரத்தில் நீளும். உங்களுக்கு வசதியாக இருக்கும் ஏதாவதொரு சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட் நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, பாட்டம் பிராக்கெட் மையத்துக்கு எவ்வளவு பின்னே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரையும் அதே மையத்திலிருந்து அளங்கள். பலகையிலும் எல்லாம் அந்த மையத்திலிருந்தே வரட்டும். ஒரு அளவின் முடிவிலிருந்து அடுத்ததைத் தொடங்கினால் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். செயின் ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்) 420 என்றால் அதைக் கிடையாக வைத்துவிடாதீர்கள்: 70 இறக்கத்துக்குக் கிடைத்தூரம் 414. கோணத்துக்குப் பாகைமானி வேண்டாம். 73 டிகிரிக்கு, 500 மி.மீ. உயரத்துக்கு 152.9 மி.மீ. பின்னே ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். அரை டிகிரி பிசகினால் அந்த உயரத்தில் 4 மி.மீ.க்கு மேல் போய்விடும்.

குழாயின் இரு முனைகளிலும் வாய் (அடுத்த குழாயில் பொருந்தும் வளைவு) வெட்டும் முன், வீ பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வைத்து நீளவாக்கில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். இரண்டு வாய்களும் ஒரே திசை பார்க்க அதுவே வழி. பிரேசிங் செய்யும்போது முதலில் புள்ளி வைத்துப் பிடித்து, ஆறவிட்டு அளந்து, பிறகு முழுவதும் பற்றவையுங்கள். பித்தளைக்கு 900 டிகிரி வரை சூடு வேண்டும். ஒரே பக்கம் காட்டினால் குழாய் ஆறும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது எடுத்த அளவை நம்பாதீர்கள்.

இப்போதுள்ள ஃபிரேமைத் தூக்கிப் போட வேண்டாம். ட்ராப்அவுட் செங்குத்துப் பள்ளம் கொண்டதாகவும் மேலே போதிய இரும்பு உள்ளதாகவும் இருந்தால், தாழ்ந்த பக்கத்துப் பள்ளத்தின் உச்சியை வட்ட அரத்தால் மேல்நோக்கி மட்டும் ராவுங்கள். பள்ளத்தின் 10 மி.மீ. அகலம் கூடக் கூடாது. நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை சக்கரத்தை மாட்டி, இடம் வலம் மாற்றியும் மாட்டி, இடைவெளியைப் பாருங்கள்.