நெதர்லாந்து ஃபுட்பால் கிளப் பி.எஸ்.வி. ஐந்தோவனுக்கும் பிலிப்ஸ் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தமா, அந்த கிளப்பே பிலிப்ஸால வந்தது தாங்க. பல்பு செஞ்ச அதே கம்பெனி, 1913ல ஐந்தோவன்ல தன் தொழிலாளிங்களுக்காக ஆரம்பிச்சது, ஸ்டேடியம் பேரு இன்னிக்கும் பிலிப்ஸ் ஸ்டேடியான் தான். போட்டி கிளப்பான அயாக்ஸோட ரசிகருங்க கம்பெனி டீம்னு கிண்டல் பண்ணலாம், ஆனா 1988ல ஹிட்டிங்க் கோச்சா இருந்தப்ப லீக், டச்சு கப், ஐரோப்பிய கப் (இன்னிக்கு சாம்பியன்ஸ் லீக்) மூணையும் ஒரே சீசன்ல தூக்கிட்டாங்க. அதுல கூத்து என்னன்னா, ஐரோப்பிய கப்ல காலிறுதில இருந்து ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல, போர்டோ கூட ரெண்டு டிரா, ரியல் மாட்ரிட் கூட ரெண்டு டிரா, மொத்த கோல் சமமானா வெளியூர்ல அதிகம் போட்டவங்க முன்னேறுவாங்கன்னு அப்ப ரூல், அதனால ரெண்டு தடவையும் வெளியூர்ல போட்ட கோல் தான் காப்பாத்துச்சு (போர்டோன்னா பிரான்ஸ் டீம், போர்ச்சுகல் இல்ல), ஸ்டுட்கார்ட்ல நடந்த ஃபைனல்ல பென்ஃபிகாவோட 0-0, அப்புறம் பெனால்டில ரெண்டு பக்கமும் முதல் அஞ்சும் உள்ள போயிடுச்சு, ஆறாவதா பென்ஃபிகாவோட வெலோசோ அடிச்சத பி.எஸ்.வி. கோல்கீப்பர் வான் ப்ரூக்கெலன் பாஞ்சு தடுத்தாரு, 6-5. பிரேசில் ஆளுங்க ரொமாரியோ, ரொனால்டோ எல்லாம் அதுக்கப்புறம் வந்தவங்க.