திருமணப் பதிவுக்கும் கர்ப்பப் பதிவுக்கும் இடையில்

கேள்வி: தை மாதம் எனக்குத் திருமணம். போலிக் அமிலம் எப்போது தொடங்க வேண்டும்? (ஹட்டன்)

பதில்: கருத்தரிக்க எண்ணும் காலத்துக்கு மூன்று மாதங்கள் முன்பிருந்து, நாளொன்றுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம்.

கேள்வி: கிளினிக்கிலுள்ள தாதி, கர்ப்பம் தங்கும் முன்பே மனைவியோடு என்னையும் வரச் சொல்கிறார். டாக்டர் சொல்லவில்லையே. கர்ப்பம் தங்கிய பிறகு மனைவி மட்டும் போனால் போதாதா? (தலவாக்கலை)

பதில்: போதாது. மூளையும் முதுகுத் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களில் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தவறியதைக் கவனித்து, லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நாள் பேர் (கூலி) போய்விடுமே என்று மேலும் இரண்டு வாரம் பொறுத்து நீங்கள் அவரை அனுப்பும்போது போலிக் அமிலம் உதவக்கூடிய அந்தக் காலம் கடந்துபோயிருக்கும். 'தாதிதானே சொன்னார்' என்பதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். எடை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்ப்பவரும், முன்பு கரு கலைந்ததா, வீட்டில் என்ன மாத்திரை இருக்கிறது என்று துருவிக் கேட்பவரும் பெரும்பாலும் தாதியோ, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரோதான். அவர்கள் கண்டுபிடித்து அனுப்பியதையே பல வேளைகளில் டாக்டர் பார்க்கிறார். உங்களை ஏன் அழைத்தார் என்றால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு; ஒருவரை மட்டும் சோதித்து அதை முழுமையாக அறிய முடியாது. விந்தணு முதிர இரண்டரை மாதமளவில் ஆகிறது என்பதால் சாராயத்தையும் பீடியையும் இப்போதே விட வேண்டியவரும் நீங்களே. பழைய கிளினிக் கொப்பிகளையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இரத்தம் (ஹீமோகுளோபின்) 10 தான். இரும்பு மாத்திரை குடித்தும் ஏறவில்லை. (பண்டாரவளை)

பதில்: எப்போது சோதித்தீர்கள், எத்தனை நாள் குடித்தீர்கள் என்று எழுதாமல் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. மாத்திரையைப் பிளேன்டியோடு (பால் சேர்க்காத தேநீர்) விழுங்குகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். மலையகத்தில் அதுதான் வழக்கம். தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளிவைத்து, தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். வயிற்றுப் பூச்சி மருந்து பற்றியும் தாதியிடம் கேளுங்கள். அதன் பின்னும் ஏறாவிட்டால் தலசீமியாச் சோதனை அவசியம், கொப்பியோடு செல்லுங்கள்.

கேள்வி: வலிப்புக்கு வெள்ளை மாத்திரை குடிக்கிறேன். பிள்ளை பெற நினைத்தால் நிறுத்தலாமா? (மஸ்கெலியா)

பதில்: வெள்ளை மாத்திரைகள் நூறு இருக்கின்றன, பெயரை எழுதியிருக்க வேண்டும். நீங்களாக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அது வல்புரோயேட் என்றால் கருவைப் பாதிக்கக்கூடியது. எனவே மருந்தை மாற்றும் வரை குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்தபடி, மாத்திரை அட்டையோடு இந்த வாரமே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசிக்குப் பின் கருத்தரிக்க எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? (பதுளை)

பதில்: ஒரு மாதம். ஊசி போட்ட திகதியைக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.