தூணின் அடியைப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஆற்றின் மேல் நூறாண்டுகளாக நிற்கும் இரும்புப் பாலத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டப்போகிறார்கள். பாலம் இன்றும் உறுதியாகவே நிற்கிறது. லண்டன் பாலத்தைப்போல வேறிடத்திற்கு மாற்றியாவது காப்பாற்றக் கூடாதா? எதிர்ப்பு மனுவில் தாங்கள் கையெழுத்திட வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. லண்டன் பாலத்தை விட்டுவிடுங்கள். 1831இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 1968இல் விற்கப்பட்டு, அதன் முகப்புக் கற்கள் மட்டும் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கான்கிரீட் கட்டுமானத்தின் மேல் பதிக்கப்பட்டன. அதைக் காப்பாற்றல் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால், ‘உறுதியாகவே நிற்கிறது’ என்று எதைப் பார்த்து எழுதினீர்கள்? பாலப் பராமரிப்பில் வேலை பார்த்த என் சித்தப்பா, இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டுவார். இறுகியது அசையாது, தளர்ந்தது விரலில் துள்ளும். மேலே இருப்பதைத் தட்டிப் பார்த்துவிடலாம், தண்ணீருக்குள் இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார். கொஞ்ச நாளாக அந்தப் பேச்சே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

வெள்ளம் தூணில் மோதும்போது நீரின் ஒரு பகுதி கீழ்நோக்கித் திரும்பி, தூணின் காலைச் சுற்றிச் சுழன்று மணலைத் தோண்டுகிறது. வெள்ளம் வடியும்போது புதிய மணல் வந்து அந்தக் குழியைத் தூர்த்துவிடுவதால், கோடையில் பார்க்கிறவருக்கு எதுவும் நடக்காததுபோலவே இருக்கும், ஆனால் அந்தத் தளர்ந்த மணல் அடுத்த வெள்ளத்தில் முதலில் கரைந்துபோகும். மணல் அள்ளி ஆற்றின் படுகையே தாழ்ந்துவிட்டால் தூணுக்குப் பிடிமானம் இன்னும் குறைகிறது. 2016 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் மகாட் அருகே, சாவித்திரி ஆற்றின் பழைய கற்பாலம் இரவு வெள்ளத்தில் இடிந்தபோது, அதன்மேல் சென்ற பேருந்துகள் பயணிகளோடு ஆற்றில் போயின. அந்த மக்களை நினைக்காமல் பாலத்தின் அழகைப் பற்றி மட்டும் பேசுவது பொறுப்பற்ற செயல்.

புதியது கட்டியதும் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. திருச்சியில் 1928இல் கட்டிய கொள்ளிடம் பாலம், 2016இல் புதியது வந்தபின் போக்குவரத்தின்றி நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. வண்டிகள் போகாத பாலத்தையும் ஆறு அரித்துக்கொண்டுதான் இருக்கும். வைத்துக்கொள்வதென்றால் அடித்தளத்தை வலுப்படுத்தி, நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டு, ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும். முடியாதென்றால் முறையாகக் கழற்றி எடுக்க வேண்டும்.

உங்கள் மனுவில் தூண்களின் அடித்தளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெள்ள காலத்தில் ஒவ்வொரு தூணடியிலும் ஆழம் அளந்து, அந்த அறிக்கையை ஊரார் முன் வைத்த பிறகே இடிப்பதா காப்பதா என்று முடிவெடுக்க வேண்டும் எனத் திருத்தி அனுப்புங்கள். முதல் கையெழுத்தை நான் இடுகிறேன்.