அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கனின் தலைசிறந்த பணி ஹர்ஸ்ட் மாளிகைதானா?

இல்லை என்பதே என் கருத்து. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டுக்காக, கலிபோர்னியாவின் சான் சிமியோன் மலைமீது 1919 முதல் 1947 வரை மார்கன் எழுப்பிய அந்த மாளிகை பிரமாண்டமானதுதான். ஆனால் கட்டி முடித்த நெப்டியூன் நீச்சல் குளத்தையே இடித்து இடித்துப் பெரிதாக்கச் சொன்ன ஒரு செல்வந்தரின் ஆசைகளுக்கு, அவர் சலிக்காமல் ஈடுகொடுத்த கதை அது. அங்கே மார்கனின் பொறுமை தெரிகிற அளவுக்கு அவரது மனம் தெரிவதில்லை.

அவர் அடிப்படையில் ஒரு பொறியாளர். 1872இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், 1894இல் பெர்க்லியில் சிவில் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் சென்று, புகழ்பெற்ற போசார் கலைக்கல்லூரியின் நுழைவுத் தேர்வில் மூன்றாம் முறை வென்று, 1902இல் அங்கே கட்டடக்கலைச் சான்றிதழ் பெற்ற முதல் பெண்ணானார். 1904இல் கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

அதே ஆண்டில் ஓக்லாந்து மில்ஸ் கல்லூரி வளாகத்தில் அவர் கட்டிய 72 அடி மணிக்கோபுரத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். உச்சியில் பத்து வெண்கல மணிகளின் பாரம். கட்டுமானமோ, அப்பகுதியில் அன்று பலரும் நம்பத் தயங்கிய கம்பி பதித்த கான்கிரீட். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. நிலம் அதிர்ந்து கோபுரம் ஆடும்போது ஒரு பக்கம் இழுபடும், அந்த இழுப்பை உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி ஏற்றுக்கொள்ளும். 1906 ஏப்ரல் 18 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கோபுரம் சேதமின்றி நின்றது. விளம்பரம் எதுவும் தேடாத மார்கனுக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேறென்ன வேண்டும்? நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில், திறப்பு விழாவுக்கு முன்பே எரிந்த சான் பிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஓராண்டில் அது திறக்கப்பட்டது.

எழுநூறுக்கும் மேற்பட்ட அவரது கட்டடங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1910இல் பெர்க்லியில் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். கையிருப்பு குறைவு என்பதால் உட்சுவருக்குப் பூச்சு பூசாமல், செங்குத்து மரச்சட்டங்களையும் கூரை உத்தரங்களையும் அப்படியே வெளியே தெரிய விட்டார். சிக்கனத்துக்காகச் செய்த அதுவே அந்த மண்டபத்தின் அலங்காரமாகிவிட்டது. ஹர்ஸ்ட் மாளிகையில் எவ்வளவு பணம் கொட்டியும் எனக்குக் கிடைக்காத நிறைவு அது.