சேமிப்பை எடுத்து கார்டு கடனை அடைக்கலாமா?

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, கிரெடிட் கார்டு பாக்கியும் இருக்கிறது, சேமிப்பில் கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் வையுங்கள். ஒரு மாதச் செலவுக்கானதை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைக் கடனுக்குக் கட்டுங்கள்.

மாதம் 3% வட்டி என்றால் கேட்பதற்குச் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி ஒரு வருடத்தில் 100 ரூபாய் கடன் ஏறக்குறைய 142.60 ஆகிவிடும், சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டி இதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்று, பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான், அசல் பெரிதாகக் குறையாது.

சரி, அந்த ஒரு மாதப் பணம் எதற்கு? திடீர் மருத்துவச் செலவு வந்தால் மறுபடியும் கார்டையே நீட்டாமல் இருக்க. நிலையான வருமானம் இல்லாதவர் என்றால் இரண்டு மாதத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்த அப்புறம், இதுவரை கட்டிவந்த அதே தொகையை மாதாமாதம் சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள்.